ரெண்டு பேர், ஒரு கார்: சென்னைலேருந்து கடற்கரையோரமா கன்னியாகுமரி, திரும்பி மூணாறு வழியா வர்றதுக்கு பிளான் போடுறது எப்படி

கார் வாங்கி வருஷம் ஒண்ணாச்சு, இன்னும் பாண்டிச்சேரிய தாண்டினதில்லன்னு சொல்ற ஜோடிங்க நிறைய இருக்காங்க. அவங்க முதல்ல கேக்குறது "எத்தனை நாள் லீவ் போடணும், எவ்ளோ செலவாகும்"னு தான். ரெண்டுக்கும் பதில் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு: ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் காருக்குள்ள இருக்க நம்மளால முடியும்? நாள் கணக்கு, ரூம், பெட்ரோல், எங்க சாப்பிடுறது எல்லாமே அதுலேருந்து தான் வரும். அத பேசாம மேப்ப தொறந்தீங்கன்னா மூணாவது நாள் மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டு தான் போவீங்க, ரெண்டு பேருமே.

என் கணக்கு என்னன்னா, ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரியும்னா ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர், ஒருத்தர் மட்டும் தான் ஓட்டுறாங்கன்னா 250. இதக் கேட்டதும் சிரிப்பாங்க, "நாங்கல்லாம் ஒரே நாள்ல சென்னைலேருந்து நாகர்கோவில் போயிருக்கோம்"னு. போகலாம், யாரு வேணாம்னா. ஆனா அது ஊருக்குப் போறது, சுத்திப் பாக்குறது இல்ல. இன்னொன்னு, மேப் 6 மணி நேரம்னு காட்டுச்சுன்னா நீங்க 8 மணி நேரம்னு வச்சுக்கோங்க, டிபன், டீ, பாத்ரூம், பெட்ரோல், "அந்தக் கடைல பதநீர் விக்கிறாங்க நிறுத்துங்க" இதெல்லாம் மேப்புக்குத் தெரியாது. காலைல 6 மணிக்கு கிளம்பி சாயங்காலம் 4 மணிக்குள்ள ரூமுக்குப் போய்ச் சேந்துடணும், இருட்டுனதுக்கு அப்புறம் ஓட்டக்கூடாது. இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் கறாரு.

முதல்ல எப்போ போறதுன்னு பாத்துடுவோம்

நான் கீழ சொல்லப்போற ரூட்டுக்கு ஜனவரி கடைசிலேருந்து பிப்ரவரி முடிய தான் நல்ல டைம். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, நாகப்பட்டினம் ராமநாதபுரம் பக்கம் புயல் எச்சரிக்கை வந்தா உங்க பிளான் மொத்தமும் காலி. ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் கேரளாப் பக்கம் மழை, மூணாறு கேப் ரோட்ல மண்சரிவு வந்து ரோட்டையே மூடிடுவாங்க. ஏப்ரல், மே மாசத்துல ராமேஸ்வரம் வெயில்ல நடந்து பாத்தீங்கன்னா தெரியும்.

பொங்கல் வாரத்துல மட்டும் கிளம்பாதீங்க. காணும் பொங்கல் முடிஞ்சு எல்லாரும் சென்னை திரும்புற அன்னைக்கு பரனூர் டோல்ல நிக்கிற வண்டி வரிசைய டிவில பாத்திருப்பீங்க. கார்த்திகை, மார்கழின்னா சபரிமலை சீசன், ஜனவரி நடுவுல மகரவிளக்கு வரைக்கும் செங்கோட்டை, குற்றாலம், ராமேஸ்வரம் எல்லா இடத்துலயும் சாமிமார் வண்டி நிறைஞ்சிருக்கும், ரூமும் கிடைக்காது. அப்புறம் தைப்பூசம், இத வெளியூர்க்காரங்க மறந்துடுவாங்க. தைப்பூசத்துக்கு முந்தின ஒரு வாரம் பழனிக்குப் பாதயாத்திரை போறவங்க ராத்திரியும் பகலும் ரோட்டோரமா நடந்துட்டே இருப்பாங்க, திருச்செந்தூர்ப் பக்கமும் பச்சை வேட்டி கட்டிக்கிட்டு நடக்கிறவங்க இருப்பாங்க, மேல்மருவத்தூருக்கு செவ்வாடைக்காரங்க பஸ் பஸ்ஸா வருவாங்க. கிளம்புற தேதிய முடிவு பண்றதுக்கு முன்னாடி தினசரி காலண்டர ஒரு தடவ புரட்டிடுங்க, மேப்ப விட அது முக்கியம்.

ரூட்டு

மொத்தம் 11 நாள். லீவ் கம்மின்னா எங்க வெட்டலாம்னு கடைசில சொல்றேன்.

முதல் நாள் சென்னைலேருந்து ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) காரைக்கால், கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். பாண்டி 150 கிலோமீட்டர்லயே வந்துடும், அங்க நிறுத்தணும்னு கை பரபரக்கும், நிறுத்தாதீங்க, பாண்டிக்கு எந்த சனி ஞாயிறும் போய்க்கலாம். சிதம்பரத்துல கோயில் பாத்துட்டு மதிய சாப்பாடு, அப்புறம் தரங்கம்பாடி. 1620ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை கடலப் பாத்து நிக்கும், கூட்டமே இருக்காது. தரங்கம்பாடில தங்குற இடம் கம்மி, கொஞ்சம் தள்ளி காரைக்கால் போனா ரூம் நிறைய கிடைக்கும். காரைக்கால் புதுச்சேரியச் சேர்ந்ததால பெட்ரோல் தமிழ்நாட்ட விட லிட்டருக்கு சில ரூபா கம்மி, காலைல கிளம்பும்போது டேங்க ஃபுல் பண்ணிக்கோங்க. பெட்ரோல் மட்டும் தான். விலை கம்மின்னு பாட்டில் வாங்கி டிக்கில போட்டீங்கன்னா செக்போஸ்ட்ல பதில் சொல்லிட்டு நிக்கணும்.

ரெண்டாவது நாள் காரைக்கால்லேருந்து ராமேஸ்வரம், 300 கிட்ட வரும். இந்த ரூட்லயே ரொம்ப நீளமா தோணுற நாள் இது தான். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருத்துறைப்பூண்டி, அப்புறம் மீமிசல், தொண்டி, தேவிபட்டினம்னு போகும். ரோடு நல்லா இருக்கும், ஆனா பெரிய ஓட்டல், சுத்தமான பாத்ரூம் எல்லாம் இடைவெளி விட்டு விட்டுத் தான் வரும், அதனால அன்னைக்கு மட்டும் மதிய சாப்பாட்டக் கையோட எடுத்துக்குறது நல்லது.

மூணாவது நாள் வண்டி ஓட்டவே வேணாம், ராமேஸ்வரம் தான். தனுஷ்கோடிக்கு மட்டும் போய்ட்டு வாங்க, 20 கிலோமீட்டர் தான், 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்சு போன ஊர், சர்ச்சோட சுவரும் ஸ்டேஷன் இடிபாடும் இன்னும் நிக்குது. அரிச்சல்முனை வரைக்கும் கார் போகும். சாயங்காலத்துக்கு மேல போலீஸ் உள்ள விடாது, அதோட மதியம் பஸ் கூட்டம் வந்துடும், காலைல 7 மணிக்கே போய்டுங்க. கோயில்ல 22 தீர்த்தம் குளிக்கிறதா இருந்தா மாத்துத் துணி வேணும், ஈரத் துணியோட சாமி பாக்க விட மாட்டாங்க. பாம்பன் ரோட்டுப் பாலத்துல வண்டிய நிறுத்தி செல்ஃபி எடுக்குறவங்கள நிறைய பாப்பீங்க, நீங்க அதப் பண்ணாதீங்க, பின்னாடி வர்ற லாரிக்காரன் என்ன பண்ணுவான் பாவம். 2025 ஏப்ரல்ல தொறந்த புது ரயில் பாலம் மெதுவா ஓட்டிட்டுப் போனாலே நல்லாத் தெரியும்.

நாலாவது நாள் தூத்துக்குடி வழியா திருச்செந்தூர், 220 இருக்கும். தூத்துக்குடில மக்ரூன் வாங்காம வந்தா வீட்டுல உள்ள விட மாட்டாங்க. கண்ணாடி பாட்டில்லயோ டப்பாவுலயோ போட்டு வைங்க, பேப்பர் கவர்ல வச்சா ராத்திரிக்குள்ள நமுத்துடும்.

அஞ்சாவது நாள் தான் என்னோட ஃபேவரிட். திருச்செந்தூர்லேருந்து கன்னியாகுமரி 90 கிலோமீட்டர் தான், ஆனா மெயின் ரோட்டுக்குப் போகாம கடலோரமாவே மணப்பாடு, உவரி, கூடங்குளம்னு போங்க. தேரிக்காட்டு செம்மண், பனைமரம், அப்புறம் திடீர்னு கடல், அப்புறம் காத்தாலைக் காத்தாடி வரிசை. மணப்பாடு குன்று மேல இருக்குற சர்ச்சுலேருந்து பாத்தா ஊர் மொத்தமும் தெரியும். கன்னியாகுமரில பாறைக்குப் போற படகுக்கு மறுநாள் காலைல சீக்கிரம் போய் வரிசைல நின்னுடுங்க. விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் நடுவுல 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசில தொறந்தாங்க, அதுலேருந்து கூட்டம் ஜாஸ்தி.

ஆறாவது நாள் குற்றாலம், 140. நம்ம போற சீசன்ல அருவில தண்ணி கொஞ்சமாத் தான் இருக்கும், பரவால்ல, பார்டர் பரோட்டாவுக்கும் அந்த மலைக்காத்துக்கும் போகலாம். ஏழாவது நாள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா தேனி இல்லன்னா போடி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா சூடா கிடைக்கிற நேரத்துக்குப் போனா அதிர்ஷ்டம். தேனிலேருந்து மூணாறு 85 கிலோமீட்டர் தானே, அன்னைக்கே ஏறிடலாம்னு தோணும், வேணாம், மலை ஏறுறது காலைல. எட்டாவது நாள் போடிமெட்டு ஏறி மூணாறு, ஒன்பதாவது நாள் அங்கயே. பிப்ரவரி, மார்ச்ல வரையாடு குட்டி போடுற நேரம்னு இரவிகுளம் தேசியப் பூங்காவ மூடிடுவாங்க, அதுக்காகவே போறீங்கன்னா ஜனவரிக்குள்ள போங்க. பத்தாவது நாள் மதுரை, 155. பதினோராவது நாள் மதுரைலேருந்து சென்னை 460, என் 300 கணக்க மீறுது தான், ஆனா முழுக்க நாலு வழிச்சாலை, வீட்டுக்குப் போறோம்ங்கிற தெம்பு வேற இருக்கும். ஒருத்தர் தான் ஓட்டுறீங்கன்னா திருச்சில ஒரு ராத்திரி தங்கிட்டு வாங்க.

லீவ் 8 நாள் தான்னா குற்றாலம், மூணாறு ரெண்டையும் விட்டுட்டு கன்னியாகுமரிலேருந்து நேரா மதுரை, 240 கிலோமீட்டர். நாள வெட்டுங்க, ஒரு நாளைக்கு ஓட்டுற தூரத்த ஏத்தாதீங்க. மூணாறுக்குப் பதிலா கொடைக்கானலோ ஊட்டியோ போறதா இருந்தா 2024 மே மாசத்துலேருந்து இ-பாஸ் வேணும், ஐகோர்ட் உத்தரவு, அரசு தளத்துல முன்னாடியே எடுத்து வச்சுடுங்க, இல்லன்னா அடிவாரத்துல நிறுத்திடுவாங்க.

வண்டிக்கு என்ன பாக்கணும்

கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி சர்வீஸ் விடுங்க, முந்தின நாள் விடாதீங்க. சர்வீஸ்ல எதையாவது கழட்டி சரியா மாட்டாம விட்டிருந்தா ஊருக்குள்ள ஓட்டும்போதே தெரிஞ்சுடணும். பிரேக் பேட், கூலன்ட், வைப்பர், பேட்டரி, எல்லா லைட்டும் பாக்கச் சொல்லுங்க.

டயர நீங்களே பாருங்க. டயரோட பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2321ன்னு இருந்தா 2021ம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ரொம்ப பழசா இருந்தா ரோட்டுல படுற பட்டன் நல்லா இருந்தாலும் மாத்துறதப் பத்தி யோசிங்க. பட்டனுக்கு நடுவுல சின்னச் சின்ன மேடு இருக்கும், தேய்மானம் அந்த மேட்டு அளவுக்கு வந்துட்டா, அதாவது 1.6 மில்லிமீட்டர், டயர் முடிஞ்சது. காத்து எவ்ளோன்னு டிரைவர் கதவத் தொறந்தா ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், வண்டி ஓடுறதுக்கு முன்னாடி காலைல டயர் சூடில்லாம இருக்கும்போது பாக்கணும். ஸ்டெப்னிலயும் காத்து பாக்கணும், பல பேர் வாங்கின நாள்லேருந்து அத வெளிய எடுத்ததே கிடையாது. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்லயே ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாத்திப் பாருங்க, ரெண்டு பேரும். வீல் நட்டு முதல் தடவ கழட்டும்போது கம்பி மேல ஏறி நின்னா தான் அசையும், அது தொண்டி ரோட்டு வெயில்ல தெரிய வேணாம், வீட்டுலயே தெரியட்டும்.

பேப்பர்: லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்டிஃபிகேட். டிஜிலாக்கர்ல இருந்தா செல்லும், ஆனா சிக்னல் இல்லாத இடத்துலயா கேப்பாங்கன்னு சொல்ல முடியாது, ஒரு ஜெராக்ஸ் செட் டேஷ்போர்டுல இருக்கட்டும். இன்சூரன்ஸ்ல ரோட்சைடு அசிஸ்டென்ஸ் இருக்கான்னு பாத்து அந்த நம்பர ரெண்டு போன்லயும் சேவ் பண்ணுங்க. நேஷனல் ஹைவேல என்ன பிரச்சனைன்னாலும் 1033, பொதுவா அவசரம்னா 112, ஆம்புலன்ஸ் 108.

வாடகைக்கு செல்ஃப் டிரைவ் எடுக்குறீங்கன்னா கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து வண்டி தானான்னு பாத்துக்கோங்க, தெரிஞ்சவங்க வெள்ளை போர்டு வண்டிய வாடகைக்கு விடுறது சட்டப்படி தப்பு, விபத்துன்னா இன்சூரன்ஸ் கை விரிச்சுடும். கேரளா டாக்ஸ் யாரு கட்டுறதுன்னும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஃபாஸ்டேக்ல பேலன்ஸ் வச்சுக்கோங்க. டேக் வேலை செய்யலன்னா கேஷ்னா டபுள், யூபிஐன்னா ஒண்ணேகால் பங்குன்னு 2025 நவம்பர்ல விதி கொண்டு வந்தாங்க. 2025ல 3000 ரூபாய்க்கு வந்த வருஷ பாஸ் எடுக்கலாமான்னு கேப்பாங்க. 200 டோல் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அது வரைக்கும், நேஷனல் ஹைவே டோலுக்கு மட்டும் தான், மாநில ரோட்டு டோலுக்குச் செல்லாது. அந்த 3000 ரூபாய வகுத்துப் பாத்தா ஒரு டோலுக்கு 15 ரூபா தான் வந்துச்சு. இந்த ஒரு ட்ரிப்புக்கு மட்டும்னா தேவையில்ல, ஈசிஆர் பக்கமே பாதி ரூட்டு போய்டுது. வருஷத்துக்கு நாலஞ்சு தடவ சொந்த ஊருக்கும் கார்ல போறவங்கன்னா கண்ணை மூடிட்டு எடுங்க.

செலவு

சுத்துறதெல்லாம் சேத்து 2100 கிலோமீட்டர்னு வைங்க. லிட்டருக்கு 15 குடுக்குற வண்டின்னா 140 லிட்டர், 101 ரூபா கணக்குல 14,000 சொச்சம். இது தான் கொஞ்சம் நிச்சயமாச் சொல்லக்கூடிய செலவு, ரூம் உங்க வசதிக்கு 1,200லயும் இருக்கு 12,000லயும் இருக்கு. நான் சொல்றது, எல்லா நாளும் ஒரே ரேட்ல ரூம் எடுக்காதீங்க. ஒரு ராத்திரி மட்டும் தங்கி காலைல கிளம்புற ஊர்ல சுத்தமான சாதா ரூம் போதும், ரெண்டு ராத்திரி தங்குற ராமேஸ்வரத்துலயும் மூணாறுலயும் நல்லதா எடுங்க. அந்த ரெண்டையும் மட்டும் முன்னாடியே புக் பண்ணிடுங்க, மத்தத கேன்சல் பண்ற மாதிரி ஆப்ஷன்ல போடுங்க. போன்ல கேக்க வேண்டிய முதல் கேள்வி "பார்க்கிங் காம்பவுண்டுக்குள்ளயா, ரோட்டுலயா".

ரெண்டு பேரோட அடையாள அட்டையும் கேப்பாங்க, ஆதார் எடுத்துக்கோங்க. இன்னும் கல்யாணம் ஆகாத ஜோடின்னா, 18 வயசு ஆன ரெண்டு பேர் ஒரு ரூம்ல தங்குறது எந்தச் சட்டப்படியும் தப்பில்லன்னு சென்னை ஐகோர்ட்டே 2019ல சொல்லியிருக்கு. ஆனா லாட்ஜ்காரர் ரூம் தர மாட்டேன்னு சொல்றத ராத்திரி 8 மணிக்கு ரிசப்ஷன்ல நின்னு வாதாட முடியாது, கோயில் ஊர்கள்ல குறிப்பா, அதனால போன்லயே கேட்டு உறுதி பண்ணிட்டுப் போங்க.

பணம் யாரு குடுக்குறதுன்னு ஒவ்வொரு கடைலயும் பாத்துட்டு நிக்காம, கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் போட்டு ஒரே யூபிஐ அக்கவுண்ட்ல வச்சுக்கோங்க, பக்கத்து சீட்ல இருக்குறவங்க தான் பே பண்றது. 3,000 ரூபா சில்லறை நோட்டாவும் இருக்கட்டும், செருப்பு டோக்கனுக்கும் இளநீருக்கும்.

பக்கத்து சீட் வேலை

இது தான் எனக்குச் சொல்லணும்னு இருந்தது. பக்கத்து சீட்ல உக்காந்திருக்கிறவங்க பயணி கிடையாது, அவங்களுக்கும் டூட்டி இருக்கு. போன், மேப், டோல் பேலன்ஸ், மாமியார் கால் அட்டெண்ட் பண்றது, தண்ணி பாட்டில் மூடி தொறந்து குடுக்குறது எல்லாம் அவங்க. ஓட்டுறவங்க போனத் தொடவே கூடாது. பக்கத்துல இருக்குறவங்க தூங்கவும் கூடாது, ரொம்பத் தூக்கம் வருதுன்னா வண்டிய நிறுத்தி ரெண்டு பேருமே 20 நிமிஷம் தூங்குங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஆள் மாத்துங்க, மாத்தும்போது சீட்டையும் மூணு கண்ணாடியையும் சரி பண்ணாம நகராதீங்க.

பாதி சண்டை எங்க வரும்னு சொல்லவா. இப்படித் தான் வரும்:

"ஏங்க, அடுத்த பங்க்ல நிறுத்துங்க."

"இப்ப தானேம்மா நிறுத்துனோம். இன்னும் 40 கிலோமீட்டர் தான், தொண்டி வந்துடும்."

"எனக்கு இப்ப போகணும்."

"சரி சரி, பாப்போம்."

அந்த "பாப்போம்"ல ரெண்டு பங்க் தாண்டிப் போயிடும், மூணாவதுல பாத்ரூம் பூட்டி இருக்கும், சாவி வச்சிருக்கிற ஆளு சாப்பிடப் போயிருப்பாரு. அப்புறம் ராமேஸ்வரம் வரைக்கும் கார்ல ஏசி சத்தம் மட்டும் தான். அதனால எங்க வீட்டுல ஒரு சட்டம் உண்டு, யாரு நிறுத்துன்னு சொன்னாலும் காரணம் கேக்காம அடுத்து வர்ற இடத்துல நிறுத்தணும். இருட்டுல ஓட்ட வேணாம், இந்த ஓட்டல் வேணாம், இந்த ரோடு சரியில்ல திரும்பிடலாம், எதுவா இருந்தாலும் ஒருத்தர் வேணாம்னா வேணாம் தான். ஏன்னு ராத்திரி ரூமுக்குப் போய் பேசிக்கலாம்.

வழி தப்புனா சொல்றதுக்கு ஒரே ஒரு வாக்கியம் தான்: "அடுத்த யூ-டர்ன்ல திரும்பிக்கலாம்." "நான் அப்பவே சொன்னேன்"ன்னு ஆரம்பிக்கிற எதுவும் அனுமதி இல்ல.

பொண்ணுங்களுக்கு: பாத்ரூம் கண்ட இடத்துல போய்டுங்க, தேவைப்படும்போது தேடாதீங்க. பெட்ரோல் பங்க்ல பாத்ரூம் வச்சிருக்கணும், காத்தும் ஃப்ரீயாக் குடுக்கணும், அது விதி, தயங்காம கேளுங்க. பெரிய சைவ ஓட்டல் செயின் கடைங்கள்ல பொதுவா சுத்தமா இருக்கும், ஒரு காபி குடிச்சுட்டுப் போய்டலாம். டிஷ்யூ, சோப்பு பேப்பர், பேட் எல்லாம் டிக்கில பெட்டிக்குள்ள வைக்காம கைக்கு எட்டுற பையில வைங்க. பீரியட்ஸ் தேதி கோயில் நாள்ல விழுதுன்னா, நீங்க அதப் பாக்குறவங்களா இருந்தா, ரூட்ட தலைகீழாத் திருப்பி மூணாறுலேருந்து ஆரம்பிங்க, கூச்சப்பட்டு கடைசி நிமிஷத்துல சொல்லாதீங்க. ஆம்பளைங்களுக்கு: திருச்செந்தூர்லயும் கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில்லயும் சட்டையக் கழட்டித் தான் உள்ள போகணும். வேட்டி ஒண்ணு பைக்குள்ள மேலாப்புல இருக்கட்டும்.

ஒருத்தருக்குக் கோயில் பிடிக்கும், ஒருத்தருக்குக் கடற்கரை பிடிக்கும்னா ஒரு நாள் உன் நாள், ஒரு நாள் என் நாள்னு பிரிச்சுக்கோங்க. தினமும் ஒரு மணி நேரமாவது தனித்தனியா இருங்க, ஒருத்தர் தூங்கட்டும், ஒருத்தர் டீக்கடை வரைக்கும் நடந்துட்டு வரட்டும். 11 நாள் 24 மணி நேரமும் ஒட்டிக்கிட்டே இருந்தா எந்தப் புருஷன் பொண்டாட்டிக்கும் தாங்காது.

வீட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே ஃபேமிலி குரூப்ல சாயங்காலம் ரூமுக்குப் போனதும் ஒரு மெசேஜ். நடுவுல கால் பண்ண வேணாம்னு முதல் நாளே சொல்லிடுங்க, சொன்னாலும் பண்ணுவாங்க, அது வேற.

சாப்பாடு, பை

முதல் நாளுக்குப் புளியோதரையும், மிளகாப்பொடி தடவின இட்லியும் கட்டிடுங்க, கெடாது. அப்புறம் அந்தந்த ஊர்ல எது பேர் போனதோ அது. மதியம் பிரியாணி சாப்பிட்டு ஓட்டுனா 2 மணிக்குக் கண்ணு சொக்கும், அதனால மதியம் லைட்டா, ராத்திரி இஷ்டத்துக்கு. மலை ஏறும்போது வாந்தி வர்றவங்க மாத்திரை போடுறதுண்டு, டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க, அதுல பலது தூக்கம் வர வைக்கும், ஓட்டுறவங்க போடவே கூடாது.

பை ஆளுக்கு ஒண்ணு தான். ராத்திரிக்கு ராத்திரி ரூம் மாத்தும்போது அஞ்சு பைய மாடிக்குத் தூக்குறது யாருன்னு யோசிச்சுப் பாத்தா தானாக் குறையும். மூணாறுக்கு ஸ்வெட்டர், ஜனவரில விடியக்காலைல புல்லு மேல உறைபனி விழுற குளிரு. டார்ச், ஜம்பர் கேபிள், சிகரெட் லைட்டர்ல சொருகுற காத்துப் பம்ப், ரெண்டு சார்ஜர். ஆஃப்லைன் மேப் டவுன்லோட் பண்ணிடுங்க, போடிமெட்டு ஏறும்போது சிக்னல் போய்ப் போய் வரும்.

மலைல ஓட்டுறது

போடிலயே டேங்க் ஃபுல் பண்ணிட்டு ஏறுங்க. போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு, பயப்படுற அளவுக்கு இல்ல, ஆனா முதல் தடவன்னா மெதுவா. வளைவுக்கு முன்னாடி ஹார்ன், கியர் குறைச்சுட்டு திரும்பணும், திரும்பும்போது கியர் மாத்தக் கூடாது. ஏறுற வண்டிக்குத் தான் முதல் வழி, நீங்க இறங்கும்போது எதிர்ல பஸ் ஏறி வந்தா ஓரங்கட்டி வழி விடணும். இறங்கும்போது எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர், நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க. பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்குனா சூடாகி கருகுற வாசம் வரும், அப்படி வந்தா அகலமான இடமாப் பாத்து நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்க, சக்கரத்துல தண்ணி ஊத்தாதீங்க.

மூணாறுப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும், படையப்பான்னு ஒரு கொம்பன் அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளு. யானையப் பாத்தா தூரத்துலயே நிறுத்துங்க, ஹார்ன், ஃபிளாஷ், இறங்கி வீடியோ எதுவும் வேணாம், அது போற வரைக்கும் காத்திருங்க. பின்னாடி வண்டி இடிக்கிற மாதிரி ஒட்டி நிறுத்தாம ரிவர்ஸ் எடுக்க இடம் விட்டு நில்லுங்க.

திரும்பி வந்ததும்

மறுநாளே வண்டிய வாட்டர் சர்வீஸ் விடுங்க, அடிப்பக்கம் நல்லா அடிக்கச் சொல்லுங்க, தனுஷ்கோடி மணலும் உப்புக் காத்தும் அடில ஒட்டியிருந்தா துரு பிடிக்க ஆரம்பிச்சுடும். ஃபாஸ்டேக் ஸ்டேட்மெண்ட்ட எடுத்துப் பாருங்க, ஒரே டோல்ல ரெண்டு தடவ எடுத்திருந்தா டேக் குடுத்த பேங்க்ல கம்ப்ளைன்ட் போட்டா திருப்பித் தருவாங்க. அலைன்மென்ட்டும் ஒரு தடவ பாத்துடுங்க, ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்தா உடனே.